யோம் கிப்பூர்: பட்டினி நாளும் திரும்பி வரும் நாளும்

யூதர்களின் ஆண்டில் யோம் கிப்பூருக்கு நிகரான புனித நாள் இல்லை. ஆண்டு முழுவதும் தொழுகைக்கூடத்தின் வாசலை மிதிக்காதவர்களில் பலர்கூட அன்றைக்கு அங்கே போய் நிற்பார்கள். முறைப்படி கடைப்பிடிப்பவர்கள், முதல் நாள் சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி மறுநாள் இரவு விண்மீன்கள் தெரியும் வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருப்பார்கள். இந்த நாளைப் பற்றிக் கேள்விப்படுகிற பிற சமயத்தவரின் மனத்தில் பெரும்பாலும் தங்குவது இந்தப் பட்டினிதான். ஆனால் யூத மரபின் மூலநூல்களுக்குள் சற்று நுழைந்து பார்த்தால், பட்டினி அந்த நாளின் வெளித்தோற்றம் என்பதும், உள்ளே நடக்க வேண்டிய வேலை வேறு என்பதும், அந்த வேலையின் கடினமான பகுதி நோன்பு தொடங்குவதற்கு முன்பே அடுத்தவர் வீட்டு வாசலில் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பதும் தெரியவரும். அந்த வேலை என்ன என்பதை, யூத சமயத்தைப் பற்றி முன்பின் அறியாதவர்களுக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சில சொற்களைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் சொற்கள் பிடிபட்டால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். எபிரேய மொழியில் 'யோம்' என்றால் நாள். 'கிப்பூர்' என்ற சொல்லின் வேர், அழுக்கைத் துடைத்து நீக்குதல், தூய்மையாக்குதல், ஈடுசெய்தல் ஆகிய பொருள்களோடு தொடர்புடையது. தமிழ் விவிலியம் இதைப் 'பாவநிவிர்த்தி' என்று மொழிபெயர்த்திருக்கிறது. பாவத்தைக் குறிக்க இந்த நாளின் வழிபாட்டில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'ஹேத்'. அதன் அடிப்படைப் பொருள் குறி தவறுதல். விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தின் 20ஆம் அதிகாரத்தில், ஒரு மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறியக்கூடிய வீரர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், 'தப்பாமல்' என்பதற்கு இதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்தான் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. தவறு செய்தவன் குறி தவறியவன் என்றால், அவன் செய்ய வேண்டியது என்ன? அதற்கான சொல் 'தெஷுவா'. பிற மொழிகளில் இதை வருத்தம், கழிவிரக்கம் என்றெல்லாம் மொழிபெயர்ப்பதுண்டு. ஆனால் நேர்ப்பொருள் 'திரும்புதல்', வந்த வழியைவிட்டுத் திரும்பி வருதல் என்பதே. தமிழ்க் கிறித்தவ வழக்கில் உள்ள 'மனந்திரும்புதல்' என்ற சொல் இந்தப் பொருளைச் சிந்தாமல் சிதறாமல் ஏந்தி நிற்கிறது. ஆகவே இக்கட்டுரையில் அந்தச் சொல்லையே ஆள்கிறேன்.

யூத மாதம் பிறையைப் பின்பற்றுவது. ஆண்டு பருவங்களோடு பொருந்துவதற்காகச் சில ஆண்டுகளில் ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்படும். அதனால் திஷ்ரி மாதத்தின் பத்தாம் நாளான யோம் கிப்பூர், நம் நாட்காட்டியில் செப்டம்பரின் நடுப்பகுதிக்கும் அக்டோபரின் நடுப்பகுதிக்கும் இடையே இடம் மாறிக்கொண்டே இருக்கும். 2025இல் அது அக்டோபர் 2ஆம் நாள் வந்தது. 2026இல் செப்டம்பர் 21ஆம் நாள். யூத மரபில் நாள் என்பது மாலையில் தொடங்குவதால், 2026இன் நோன்பு செப்டம்பர் 20ஆம் நாள் மாலையிலேயே தொடங்கிவிடும்.

இந்த நாளுக்கான கட்டளை லேவியராகமத்தின் 16, 23ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. அன்று எந்த வேலையும் செய்யக்கூடாது, 'உங்கள் ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்துங்கள்' என்பதே அங்குள்ள ஆணை. 'உண்ணாதீர்கள்' என்று நேரடியாக அங்கே சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆத்துமாவைத் தாழ்த்துவது என்றால் என்ன என்று கேட்டு, அதன் முதல் பொருள் உண்ணாநோன்பு என்று வகுத்தவர்கள் ரப்பிகள் எனப்படும் யூத அறிஞர்கள். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பும், அதன்மேல் எழுந்த விரிவான விவாதங்களான தல்மூதும் இந்த நாளுக்கென்றே ஒரு முழுப் பகுதியை ஒதுக்கியிருக்கின்றன. அதன் பெயர் 'யோமா'. அரமேய மொழியில் 'அந்த நாள்' என்று பொருள். வேறு அடையாளம் எதுவும் சொல்லாமல் 'அந்த நாள்' என்றாலே எல்லோருக்கும் விளங்கிவிடுமாம்.

நாற்பது நாள் தொடக்கம்

யோம் கிப்பூர் திடீரென்று வந்து நிற்பதில்லை. அதற்கு முந்தைய மாதமான எலூல் பிறந்ததும், ஐரோப்பிய மரபினரான அஷ்கனாசி யூதர்களின் தொழுகைக்கூடங்களில், ஓய்வுநாள் தவிர மற்ற நாள்களில் காலைதோறும் ஷோஃபார் என்ற ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். மத்திய கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்துவந்த யூதச் சமூகங்கள் பலவற்றில், எலூல் மாதம் முழுவதும் விடிவதற்கு முன் எழுந்து மன்னிப்பு வேண்டும் பாடல்களைப் பாடும் வழக்கம் உண்டு. பிறகு திஷ்ரி முதல் நாள் ரோஷ் ஹஷானா, அதாவது புத்தாண்டு. அந்த நாளிலிருந்து பத்தாம் நாளான யோம் கிப்பூர் வரை உள்ள காலத்துக்கு 'மனந்திரும்புதலின் பத்து நாள்கள்' என்று பெயர். எலூல் பிறப்பிலிருந்து எண்ணினால் மரபுக் கணக்கில் மொத்தம் நாற்பது நாள். பொற்கன்றுக்குட்டியை வணங்கிய மக்களுக்காக, அவர்களின் தலைவரான மோசே மறுபடியும் சீனாய் மலையேறி நாற்பது நாள் மன்றாடி, கடவுளின் கட்டளைகள் எழுதிய இரண்டாவது கற்பலகைகளோடு இறங்கி வந்தது திஷ்ரி பத்தாம் நாள் என்று மரபு சொல்கிறது. உடைந்துபோன முதல் பலகைகளுக்குப் பதிலாகப் புதிய பலகைகள் கிடைத்த நாள் என்பதால், இது அழுகைக்கான நாளாக எண்ணப்படவில்லை. மிஷ்னா இதை ஆண்டின் மிக மகிழ்ச்சியான இரண்டு நாள்களில் ஒன்று என்றே சொல்கிறது. அந்தப் பழங்காலத்தில் எருசலேமின் இளம்பெண்கள் வெள்ளாடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் ஆடுவார்களாம். அந்த ஆடையையும் ஒருத்தி மற்றொருத்தியிடம் இரவல் வாங்கித்தான் உடுத்த வேண்டும், ஆடை இல்லாதவள் வெட்கப்படக்கூடாது என்பதற்காக. ஒரு புனித நாளை எப்படிக் கொண்டாட வேண்டும் என்பதற்கு இதைவிட நயமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

வாசலில் நடக்கும் வேலை

மிஷ்னாவின் யோமா பகுதி, தலைமைக் குருவைப் பற்றியும் பலிகளைப் பற்றியும் ஏழு அதிகாரங்கள் பேசிவிட்டு, எட்டாவதும் கடைசியுமான அதிகாரத்தின் முடிவில் ஒரு விதியைச் சொல்கிறது. 'பாவம் செய்வேன், பிறகு மனந்திரும்பிக்கொள்வேன்' என்று எண்ணிச் செய்பவனுக்கு மனந்திரும்பும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. 'யோம் கிப்பூர் பார்த்துக்கொள்ளும்' என்று நினைப்பவனுக்கு யோம் கிப்பூர் எதையும் நீக்கித் தருவதில்லை. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான தவறுகளை யோம் கிப்பூர் நீக்கும்; மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான தவறுகளை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும் வரை, அது நீக்காது.

இந்தக் கடைசி வாக்கியத்தை அவசரமில்லாமல் படிக்க வேண்டும். கடவுள் எல்லாம் வல்லவர் என்று நம்பும் ஒரு சமயம், ஒருவர் மனத்தை நான் புண்படுத்தியிருந்தால் அதை மன்னிக்கும் உரிமை அவருக்குத்தான் உண்டு, அவரைத் தாண்டிக் கடவுளிடம் போய்த் தீர்த்துக்கொள்ள முடியாது என்று சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தாலும், எத்தனை முறை மார்பில் அடித்துக்கொண்டாலும், கடனைத் திருப்பித் தராதவனுக்கும் பக்கத்து வீட்டுக்காரரை நாலு பேர் முன்னிலையில் இழிவாகப் பேசியவனுக்கும் அந்தக் கணக்கு அப்படியேதான் நிற்கும்.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், மருத்துவராகவும் மெய்யியலாளராகவும் சட்ட அறிஞராகவும் விளங்கியவர், மனந்திரும்புதலைப் பற்றி எழுதிய விதிகளில் இதற்கான நடைமுறையை வரையறுத்துத் தருகிறார். திருடியிருந்தால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். தந்த பிறகும் மன்னிப்புக் கேட்க வேண்டும். சொல்லால் மட்டுமே புண்படுத்தியிருந்தாலும் நேரில் சென்று சமாதானப்படுத்த வேண்டும். அவர் மன்னிக்க மறுத்தால், நண்பர் மூவரை அழைத்துக்கொண்டு மறுபடியும் போக வேண்டும். அப்போதும் மறுத்தால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை அப்படியே போக வேண்டும். அதற்குப் பிறகும் மனம் இளகாவிட்டால் விட்டுவிடலாம். அப்போது பாவம் மன்னிக்காதவரைச் சேரும். ஆனால் அவர் தன் ஆசிரியராக இருந்தால், ஆயிரம் முறையானாலும் போய்க் கேட்டே ஆக வேண்டும். மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் இறந்துபோயிருந்தால், பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவருடைய கல்லறைக்குச் சென்று, அவர்கள் முன்னிலையில் 'இவருக்கு இன்ன தீங்கு செய்தேன்' என்று சொல்ல வேண்டும். மறுபக்கம், பாதிக்கப்பட்டவருக்கும் மைமோனிடிஸ் ஒரு கடமை வைக்கிறார்: கோபம் வரக் கடினமானவனாகவும் சமாதானமாக எளியவனாகவும் இருக்க வேண்டும், உண்மையான மனத்தோடு கேட்பவனிடம் கொடுமை காட்டக்கூடாது.

மனந்திரும்ப நினைப்பவனுக்கு வழியை அடைத்துவிடக்கூடாது என்ற கவலையும் இந்தச் சட்டங்களில் தெரிகிறது. ஒருவன் திருடிய உத்தரத்தை வைத்து மாளிகை கட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மாளிகையை இடித்து அந்த உத்தரத்தைத்தான் திருப்பித் தர வேண்டும் என்றால், அவன் திருந்த வரவே மாட்டான். எனவே அதன் விலையைத் தந்தால் போதும் என்று மிஷ்னா தளர்த்துகிறது. அதேசமயம் போலியான வருத்தத்துக்கு அங்கே இடமில்லை. தீட்டு உண்டாக்கும் செத்த ஊர்வனவற்றைக் கையில் பிடித்துக்கொண்டே தூய்மைக்காக நீரில் மூழ்குகிறவனைப் போன்றவன், தவறை விடாமல் வாயால் மட்டும் ஒப்புக்கொள்கிறவன். கடல் முழுவதிலும் மூழ்கினாலும் கையில் இருப்பதை எறியாதவரை அவனுக்குத் தூய்மை இல்லை. முழுமையான மனந்திரும்புதல் எது என்ற கேள்விக்கும் மைமோனிடிஸ் நேரான விடை சொல்கிறார். அதே தவறைச் செய்யும் வாய்ப்பு மறுபடியும் வருகிறது, செய்யும் வலிமையும் இருக்கிறது, அச்சத்தாலோ இயலாமையாலோ அன்றி மனம் திரும்பியதாலேயே ஒருவன் விலகி நிற்கிறான் என்றால், அவனே முழுமையாகத் திரும்பியவன்.

விதிகளைவிட, தல்மூத் இந்த இடத்தில் சொல்லும் கதைகள் மனத்தில் ஆழமாகப் பதிகின்றன. ரப்பி எரேமியா என்பவருக்கும் ரப்பி அப்பாவுக்கும் ஏதோ மனத்தாங்கல். எரேமியா மன்னிப்புக் கேட்கப் போய், உள்ளே நுழையத் தயங்கி, அப்பாவின் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டு வேலைக்காரப் பெண் கழிவு நீரை வெளியே கொட்டினாள். சில துளிகள் அவர் தலையில் விழுந்தன. 'என்னைக் குப்பைமேடாக்கிவிட்டார்களே' என்றவர், 'எளியவனைக் குப்பையிலிருந்து உயர்த்துகிறார்' என்ற வேத வரியையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே இருந்த அப்பாவின் காதில் அது விழுந்தது; ஓடி வந்து, 'இப்போது நான்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டும்' என்றார். இன்னொருவர் ரப்பி செயிரா. தனக்குத் தீங்கு செய்தவர் யாராவது இருந்தால், அவர் கண்ணில் படும்படி அவர் முன்னால் இங்கும் அங்குமாக நடப்பாராம், அவருக்கு வந்து மன்னிப்புக் கேட்கத் துணிவு பிறக்கட்டும் என்று. புண்பட்டவரே புண்படுத்தியவருக்கு வழி அமைத்துக் கொடுப்பது இது.

எல்லாக் கதைகளும் இப்படி இனிமையாக முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாபிலோனியாவில் சூரா என்ற ஊரின் புகழ்பெற்ற கல்விக்கூடத்தை நிறுவிய ராவ் என்ற பேரறிஞர், ரப்பி ஹனினாவிடம் பதின்மூன்று ஆண்டுகள் யோம் கிப்பூருக்கு முந்தைய நாளில் போய் மன்னிப்புக் கேட்டும் கிடைக்கவில்லை. அதே ராவ், தமக்குத் தீங்கிழைத்த ஓர் இறைச்சிக் கடைக்காரர் மன்னிப்புக் கேட்க வராததால், யோம் கிப்பூருக்கு முந்தைய நாள் தாமே அவரைத் தேடிப் போனார். வழியில் கண்ட மாணவர் ஒருவர், 'ஓர் உயிரை எடுக்கப் போகிறீர்கள்' என்று அஞ்சினார். ஆட்டுத் தலையை வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, 'உம்மோடு எனக்குப் பேச்சில்லை, போம்' என்றார். வெட்டும்போதே ஓர் எலும்புத் துண்டு தெறித்து அவர் தொண்டையில் பாய்ந்தது, இறந்துபோனார். சமாதானத்துக்காக எடுத்துவைக்கும் அடியும் எதிராளி ஆயத்தமாக இல்லாதபோது பாரமாகிவிடக்கூடும் என்பதைத் தல்மூத் மறைக்கவில்லை என்றே இதை நான் படிக்கிறேன். இக்காலத்திலும் இத்தகைய கேள்விகள் இருக்கின்றன. ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் அவதூறு பேசியிருந்தால், அதை அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்பது புதிய வலியை உண்டாக்காதா என்பதில் பிற்கால ரப்பிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு.

நோன்பும் அதன் வரம்புகளும்

நோன்புக்கு முந்தைய பகலில் நன்றாக உண்பதும் ஒரு கடமை. ஒன்பதாம் நாள் உண்டு பருகுபவர், ஒன்பதும் பத்தும் இரண்டு நாளும் நோன்பிருந்தவராக எண்ணப்படுவார் என்று தல்மூத் சொல்கிறது. மாலையில் நோன்புக்கு முன்னான கடைசி உணவு. அஷ்கனாசி வீடுகளில் கோழிச் சாறும், இறைச்சிப் பூரணம் வைத்த கிரெப்லக் என்ற மாவுக் கொழுக்கட்டையும் வழக்கமானவை. காரமும் உப்பும் தாகத்தைக் கூட்டும் என்று குறைத்துக்கொள்வார்கள். காபிப் பழக்கம் உள்ளவர்கள், தலைவலியைத் தவிர்க்கச் சில நாள்களுக்கு முன்பிருந்தே அதைச் சிறிது சிறிதாகக் குறைப்பதும் உண்டு. உணவு முடிந்ததும் பெற்றோர் பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து ஆசி கூறுவார்கள், விளக்கேற்றுவார்கள், பிறகு தொழுகைக்கூடத்துக்குப் புறப்படுவார்கள்.

அன்று விலக்க வேண்டியவை ஐந்து என்று மிஷ்னாவின் அடிப்படையில் எண்ணுவார்கள்: உண்பதும் பருகுவதும், உடல் கழுவுவது, எண்ணெய் முதலியன பூசிக்கொள்வது, தோல் காலணி அணிவது, தாம்பத்திய உறவு. காலையில் எழுந்ததும் விரல்களை மட்டும் கணு வரை நனைத்துக்கொள்வார்கள். வெள்ளை அங்கி அணிந்த முதியவர் துணிக் காலணியோ ரப்பர்ச் செருப்போ அணிந்து தொழுகைக்கு வருவதை அன்று பார்க்கலாம். கித்தல் என்ற அந்த வெள்ளை அங்கி, இறந்தவர்க்கு உடுத்தும் ஆடையின் வகையைச் சேர்ந்தது. உணவு, குளியல், உறவு எல்லாம் நின்று, இறுதி ஆடையும் உடுத்தியாயிற்று. ஒரு நாளைக்கு மட்டும் தன் சாவின் விளிம்பில் நின்று தன் வாழ்வைப் பார்க்கும் ஏற்பாடு இது.

ஆனால் அது விளிம்பு மட்டும்தான். உண்மையான சாவு நெருங்கும் இடத்தில் நோன்பு விலகிக்கொள்ள வேண்டும். கட்டளைகளால் மனிதன் 'வாழ்வான்' என்று லேவியராகமம் சொல்வதை எடுத்து, 'அவற்றால் வாழ வேண்டும், அவற்றால் சாகக்கூடாது' என்று தல்மூத் விளக்குகிறது. கருவுற்ற பெண் உணவின் மணம் பட்டுத் தவித்தால், அவள் மனம் தெளியும் வரை அவளுக்கு ஊட்ட வேண்டும். நோயாளியை மருத்துவம் அறிந்தவர் சொற்படி உண்ணச் செய்ய வேண்டும். உணவு தேவையில்லை என்று மருத்துவர் சொல்லி, நோயாளியே 'எனக்கு வேண்டும்' என்றால், நோயாளியின் சொல்லே செல்லும். உயிருக்கு ஆபத்துள்ளவர் வீம்பாகப் பட்டினி கிடப்பது பக்தியாகக் கருதப்படுவதில்லை. அது சட்டத்தை மீறுவதாகும். நிலை அவ்வளவு கடுமையாக இல்லாதபோது, பெரிய பேரீச்சம்பழம் ஒன்றின் அளவுக்கும் குறைவாக, இடைவெளி விட்டு விட்டுச் சிறிது சிறிதாக உண்ணும் வழியும் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரும் ரப்பியும் சேர்ந்து முடிவு செய்வார்கள். சிறுவர் சிறுமியர்க்கு முழு நோன்பு இல்லை; பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிலும் ஆணுக்குப் பதின்மூன்று வயதிலும்தான் கடமை தொடங்குகிறது. 1848இல் வில்னா நகரில் காலரா பரவியபோது, ரப்பி இஸ்ரயேல் சாலன்டர் மக்களை அன்று உண்ணும்படி சொன்னார் என்பது யூதர்களிடையே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. தொழுகைக்கூட மேடையில் ஏறித் தாமே உண்டு காட்டினார் என்றும் சிலர் சொல்வர். கதையின் விவரங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

ஐந்து தொழுகைகள்

சூரியன் மறைவதற்கு முன் கோல் நித்ரே பாடப்படும். 'எல்லா நேர்ச்சைகளும்' என்று தொடங்கும் இந்த அரமேய மொழிப் பாடம் உண்மையில் ஒரு சட்ட வாசகம். கடவுளிடம் தன்னளவில் செய்துகொண்டு நிறைவேற்ற முடியாமற்போகும் நேர்ச்சைகளிலிருந்து விடுதலை வேண்டுவது. மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரல் சற்று உயர்ந்து பாடப்படும் அதன் மெட்டைக் கேட்டுக் கண்கலங்காதவர் குறைவு. இன்னொருவருக்குக் கொடுத்த வாக்குக்கும் வாங்கிய கடனுக்கும் இது பொருந்தாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'யூதன் சத்தியம் செய்தால் நம்பாதே' என்ற பழியைப் பரப்ப ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் இந்தப் பாடலைத்தான் திரித்துக் காட்டினார்கள். பாடல் தொடங்குமுன் ஓர் அறிவிப்பு உண்டு: 'மேலுள்ள நீதிமன்றத்தின் அனுமதியோடும் கீழுள்ள நீதிமன்றத்தின் அனுமதியோடும், தவறு செய்தவர்களோடு சேர்ந்து தொழ அனுமதிக்கிறோம்.' விலக்கி வைக்கப்பட்டவரும் அன்று உள்ளே வரலாம்.

இரவுத் தொழுகையிலிருந்து மறுநாள் மாலை வரை ஐந்து தொழுகைகள். எல்லாவற்றுக்கும் ஊடாக ஓடுவது 'விதுய்' என்ற பாவ அறிக்கை. எபிரேய அகரவரிசைப்படி அமைந்த அந்த அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் மடக்கிய கையால் மார்பில் மெல்லத் தட்டிக்கொள்வார்கள். நீளமான அறிக்கை அஷ்கனாசி வழக்கில் 44 வரிகள் கொண்டது. ஒவ்வொன்றும் 'உம் முன்னிலையில் நாங்கள் செய்த பாவத்துக்காக' என்று தொடங்கும். கட்டாயத்தாலோ விருப்பத்தாலோ செய்தது, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டது, வணிகத்தில் செய்தது, வட்டியில் செய்தது, கர்வப் பார்வை, காரணமில்லாப் பகை என்று பட்டியல் போகிறது. அதில் நாவினால் செய்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: வீண்பேச்சு, புறங்கூறல், கோள், பொய்யான ஒப்புதல், கேலி. கொலை அங்கே பெயர் சொல்லி இல்லை. எல்லாம் 'நாங்கள்' என்றே இருப்பதையும் கவனிக்க வேண்டும். நான் செய்யாததையும் என் பக்கத்தில் நிற்பவருக்காக நான் சொல்கிறேன். செய்தவர் யார் என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நண்பகல் தொழுகையில், எருசலேம் கோயில் இருந்த காலத்தில் தலைமைக் குரு அன்று செய்த பணிகளை அடுத்தடுத்து நினைவுகூர்வார்கள். ஏழு நாள் முன்பே வீட்டைவிட்டுப் பிரிந்திருந்து, அன்று ஐந்து முறை நீரில் மூழ்கி, வெள்ளை நாருடை உடுத்தி, ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், கோயிலின் உட்கருவறையான மகா பரிசுத்த இடத்துக்குள் அவர் நுழைவார். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போடுவார். ஒன்று பலியாகும், மற்றொன்றின்மேல் மக்களின் பாவங்களைச் சொல்லிப் பாலைநிலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழ் விவிலியத்தில் 'போக்காடு' என்று வருவது இதுவே. கி.பி. 70இல் உரோமர்கள் கோயிலை அழித்த பிறகு கடாவும் இல்லை, பீடமும் இல்லை. சொல்லும் நினைவும் மனந்திரும்புதலுமே எஞ்சின. முன்பு ஒரு குரு எல்லோருக்காகவும் செய்த வேலை, அதன்பின் ஒவ்வொருவர் கைக்கும் வந்து சேர்ந்தது.

இந்த நாளுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட வேதப் பகுதிகளில்தான் முன்னோரின் நேர்மையை நான் மிகுதியாகக் காண்கிறேன். வயிறு காய்ந்து நிற்கும் மக்களுக்குக் காலையிலேயே இறைவாக்கினர் ஏசாயாவின் நூலிலிருந்து 58ஆம் அதிகாரம் படிக்கப்படுகிறது. நாணலைப் போலத் தலையைக் குனிந்து சாக்குத்துணியில் உட்கார்வதா நான் விரும்பும் நோன்பு என்று கேட்கும் கடவுள், அநீதியின் கட்டுகளை அவிழ்ப்பதும், பசித்தவனுக்கு உன் உணவைப் பகிர்வதும், வீடற்றவனை உன் வீட்டுக்கு அழைப்பதும்தான் நோன்பு என்று சொல்கிறார். நோன்பின் நடுவிலேயே நோன்பைக் கேள்விக்குள்ளாக்கும் வாசகம் இது. பிற்பகலில் யோனாவின் நூல் முழுவதையும் படிப்பார்கள். யூதரல்லாத நினிவே நகரத்து மக்கள் மனந்திரும்பிய கதை அது. கடவுள் அவர்களுடைய சாக்குத்துணியையும் பட்டினியையும் பார்த்தார் என்று அங்கே எழுதவில்லை, அவர்கள் தீய வழியைவிட்டுத் திரும்பிய செயலைப் பார்த்தார் என்றுதான் எழுதியிருக்கிறது என்று மிஷ்னாவே வேறோரிடத்தில் சுட்டிக்காட்டுகிறது.

இஸ்ரேலில் அன்று விமான நிலையம் மூடப்படும், உள்நாட்டு வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புகள் நிற்கும், சட்டம் தடுக்காவிட்டாலும் சாலைகளில் வண்டி ஓடாது. நோன்பிருக்காத குடும்பங்களின் பிள்ளைகள் வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவார்கள். 1973 அக்டோபர் 6ஆம் நாள் எகிப்தும் சிரியாவும் போர் தொடுத்தது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். நம் நாளிதழ் வாசகர்களில் பலருக்கு யோம் கிப்பூர் என்ற பெயர் அறிமுகமானது அந்தப் போரின் வழியாகத்தான்.

மாலை சாயும்போது ஐந்தாவது தொழுகை தொடங்கும். நெயிலா என்ற அதன் பெயருக்கு 'அடைத்தல்' என்று பொருள். வாயில்கள் அடைபடும் வேளை. வேதச் சுருள்கள் வைத்திருக்கும் பேழையின் கதவு அந்தத் தொழுகை முழுவதும் திறந்தே இருக்கும், முடிந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டே இருப்பார்கள். நாள் முழுவதும் நின்றும் அமர்ந்தும் தளர்ந்த கால்கள், வறண்ட உதடுகள். ஆயினும் கூட்டத்தின் குரல் அந்த நேரத்தில்தான் மிக உரத்து எழும். இறுதியில் 'இஸ்ரயேலே, கேள்' என்ற அறிக்கை ஒரு முறை, அதைத் தொடர்ந்து வரும் துதி மூன்று முறை, 'ஆண்டவரே கடவுள்' என்பது ஏழு முறை. பிறகு ஷோஃபாரின் ஒரே நீண்ட ஒலி.

ஒலி அடங்கியதும் 'அடுத்த ஆண்டு எருசலேமில்' என்று வாழ்த்திக்கொண்டு, வழக்கமான இரவுத் தொழுகையைச் சுருக்கமாக முடித்து, திராட்சை இரசமும் விளக்குமாகப் புனித நாளை வழியனுப்பிவிட்டு வீடு திரும்புவார்கள். ஒரு குவளை நீரும் ஏதேனும் இனிப்பும் உள்ளே போனதும், பல வீடுகளில் ஒருவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போவார். ஐந்து நாளில் கூடாரத் திருவிழா வருகிறது. அதற்கான பந்தலின் முதல் முளையை அந்த இரவிலேயே அடித்து வைப்பது வழக்கம்.